காலுக்குத் தெரிந்த கல்

மார்ச் 19, புதன்

சிமெண்ட் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த டைரி இது. வருடம் பிறந்து மூன்று மாதம் ஆகப் போகிறது, இன்றுதான் முதல் எழுத்து. புது வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்துவிட்டது. அடுத்தது தரை. செங்கல்லையும் கம்பியையும் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. தரையைப் பற்றி நிறைய இருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் கட்டிடத்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் உள்ளே கும்மிருட்டு. செருப்பை வாசலில் விட்டிருந்தேன். வெறும் சிமெண்ட் தளத்தைக் காலால் தடவித் தடவி நடந்தேன். நெருநெரு என்றால் குளியலறை, வழவழ என்றால் ஹால். எங்கேயும் முட்டிக்கொள்ளாமல் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு கல் போட்டால் என்ன? கால் வைத்ததுமே எந்த அறை என்று தெரிந்துவிடுமே!

என் மனைவி வசந்தாமணிக்கு இடது கண் போய் ஒரு வருடமாகிறது. வலது கண்ணில் தெரிவதெல்லாம் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போல இருக்கிறதாம். சர்க்கரை வியாதி. இதுவும் இந்த வருடத்துக்குள் போய்விடும் என்று கோயமுத்தூர் கண் டாக்டர் ஜனவரியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபியில் முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன் நான். எங்கள் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவன் எங்கே தடுமாறினாலும் நான் மிதித்துவிடுவேன். இந்த விஷயத்தில் மிதிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்று மணியிடம் யோசனையைச் சொன்னேன். "இனி உன் காலுதான் உனக்குக் கண்ணு" என்றேன். அவள் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, "நல்ல யோசனைங்க" என்றாள்.

சாயங்காலம் நாலு இட்லி சாப்பிட்டேன். ஐந்தாவதைக் கேட்டு வாங்கினேன். மணி சிரித்தாள்.

மார்ச் 24, திங்கள்

பவானி ரோட்டில் பன்வர்லாலின் கல் கடைக்குப் போனேன். அவன் தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். இவன் பேசுகிற கொங்குத் தமிழ் என்னுடையதைவிடச் சுத்தம். என்னிடம்தான் கார் ஓட்டப் படித்தான். கிளட்சை விட இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவன்.

"அண்ணா, ஒரே ஊட்டுக்கு நாலு கல்லுங்களா? கண்காட்சியாட்ட இருக்குமுங்க."

"இருக்கட்டும். நீ கல்லக் காட்டு, கருத்துச் சொல்லாத."

கல்லின் மேல் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைத்துக் காட்டினான். பாலிஷ் போட்ட பிறகு என்ன நிறம் வரும் என்று அப்படித்தான் காட்டுவார்களாம். எனக்கு நிறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் இன்னொரு குடும்பம் வந்திருந்தது. முறுக்கு மீசை வைத்த மனிதன் கல் மேல் நின்று தியானம் செய்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? ஊர் என்ன சொல்லும் என்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயம். அவசரமாக இறங்கிவிட்டேன்.

நாலு கல்லிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இப்போது குடியிருக்கிற வாடகை வீட்டு ஹாலில் நாலு துண்டையும் வரிசையாகப் போட்டேன். கோட்டா கல், தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி. கடப்பா கல், லேசான மேடு பள்ளத்தோடு. கறுப்பு கிரானைட், முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ். கடைசியில் தீ காட்டிய கிரானைட். அதன் மேல் நெருப்பை அடித்துத் தோலை உரித்துவிடுவார்கள். வழுக்காது. அரிசி கொட்டிய தரையில் நடப்பது போல இருக்கும்.

"நீங்க மொதல்ல நடந்து காட்டுங்க" என்றாள் மணி. நடந்து காட்டினேன். பெயர் சொல்லிச் சொல்லி நடந்தேன். அப்புறம் அவள் நடந்தாள். நான் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். நான் கூடக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டாவையும் கிரானைட்டையும் ஒரு முறை குழப்பிக்கொண்டேன். அவள் குழம்பவில்லை. பரீட்சை வைத்த ஆர்.டி.ஓ. மாதிரி எனக்குப் பெருமை.

ஒரே ஒரு தடவை தப்பாகச் சொன்னாள். வேலைக்கு வரும் லதா சமையலறையில் மிக்ஸி போட்டிருந்த நேரம். "அந்த மிக்ஸிய நிறுத்தச் சொல்லுங்க. கவனம் செதறுது" என்றாள். நிறுத்தினோம். மறுபடி எல்லாம் சரி.

அவள் நடக்கும்போது மெட்டி கல்லில் பட்டுச் சத்தம் கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கூப்பிடவே வேண்டியதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். ஹாலுக்குக் கோட்டா. சமையலறைக்குக் கடப்பா. படுக்கையறைக்குக் கறுப்பு கிரானைட். குளியலறைக்குத் தீ காட்டியது. ஓசூரில் இருக்கும் மகள் சுகன்யாவிடம் போனில் சொன்னேன். "அம்மாகிட்டக் கேட்டீங்களாப்பா?" என்றாள். கேட்காமலா? அவள் காலைத்தானே கேட்டேன்.

மணி ஒன்று மட்டும் கேட்டாள். கோட்டா என்ன நிறம் என்று. பச்சை என்றேன். எந்தப் பச்சை என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. துண்டை எடுத்துப் போய் வலது கண்ணுக்கு நேராக, வெயிலில் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மழை பேஞ்சு ஓய்ஞ்ச வயலாட்ட" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

மாரியம்மன் கோயில் குண்டம், தீமிதித் திருவிழா. இந்த வருடமும் மணி மிதிக்கவில்லை, பார்க்கத்தான் போனோம்.

சுகன்யா கைக்குழந்தையாக இருந்தபோது என் ஸ்கூட்டர் கவுந்தப்பாடிக்கு அருகே லாரிக்கு அடியில் போய்விட்டது. நான் பிழைத்தால் குண்டம் இறங்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். ஒரு வருடம் இறங்கினால் போதும் என்று பூசாரியே சொன்னார். இவள் வருடா வருடம் இறங்கினாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, செக்கச்செவேல் என்று கிடக்கும் தணலில் கோலம் போட்ட வாசலில் நடப்பது போல நடந்து வருவாள். காலில் ஒரு கொப்புளம் இருக்காது. சர்க்கரை கூடியதும் டாக்டர் திட்டி நிறுத்தினார்.

திரும்பி வரும்போது வீட்டு வாசலில்தான் கவனித்தேன், அவளுக்கு ஒரு காலில் மட்டும்தான் செருப்பு. இன்னொன்று கூட்டத்தில் எங்கேயோ கழன்றுவிட்டது. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். "செருப்புக் கழண்டது கூடத் தெரியாம அம்மன் நெனப்பா?" என்று கேலி செய்தேன். "ஆமாங்க" என்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

கறுப்பு கிரானைட் லாட் வந்துவிட்டது என்று பன்வர்லால் கூப்பிட்டான். ஒரே பாறையில் அறுத்து வருவது ஒரு லாட்; அதன் நிறமும் ரேகையும் இன்னொரு லாட்டில் வராது. கை மாறுவதற்குள் பார்த்து, நம் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். சின்னத் துண்டில் நடந்தது வேறு, முழுக் கல்லில் நடப்பது வேறு என்று மணியையும் கூட்டிப் போனேன். போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது.

கல்லை லாரியிலிருந்து இறக்கி வெட்ட வெளியில் படுக்க வைத்திருந்தார்கள். மணிக்கு வெயில் ஆகாது என்று குடையை விரித்துக் கையில் கொடுத்தேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்துக் கல் மேல் ஏற்றினேன். நானும் செருப்பில்லாமல் ஏறி, "அய்யோ" என்று குதித்து இறங்கிவிட்டேன். தோசைக்கல் மாதிரி காய்ந்தது.

"எப்படி இருக்குது மணி, உன் பெட்ரூமுக் கல்லு?"

"சில்லுனு இருக்குதுங்க" என்றாள்.

பன்வர்லால் ஓடி வந்தான். "அக்கா, சுடலீங்களா?"

"குண்டம் மிதிச்ச காலுடா அது. உன் கல்லு என்ன பண்ணும்?" என்றேன். சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். அவளும் சிரித்தாள்.

கடப்பா லாட்டையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அங்கே இங்கே நகராதே, தட்டுப்பட்டு விழுந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். அங்கே கொஞ்சம் பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பி வந்தால், சொன்ன இடத்தில் சொன்னபடியே குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற மாணவர் எனக்கு முப்பது வருடத்தில் கிடைத்ததில்லை.

கல்லின் ஓரத்தில் 'மணி – பெட்ரூம்' என்று எழுதிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

கல்லெல்லாம் வந்து இறங்கியது. கல் பதிக்கும் மாதேஸ் மேஸ்திரி வேறு வேலையை முடித்துவிட்டு அடுத்த மாதம் வருகிறேன் என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

லதாவைத் திட்டிவிட்டேன். ஹாலிலிருந்து குளியலறை வரைக்கும் மொசைக் தரையில் சின்னச் சின்னதாகக் கறை, பழுப்பும் சிவப்புமாக, வரிசையாக. பீட்ரூட் நறுக்கிய கையோடு ஈரத் துணியை இழுத்துக்கொண்டு போயிருப்பாள். நான் பீட்ரூட்டே நறுக்கவில்லை என்று சாதித்தாள். நானே துடைத்தேன்.

சாயங்காலம் மறுபடியும் கறை. மறுபடியும் துடைத்தேன். புது வீட்டுக் கோட்டா கல்லில் இப்படிக் கறை இறங்கினால் போகாது. லதாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது. நாற்றம் இரண்டு நாளாக வீடு முழுக்க அடிக்கிறது. பீரோவை நகர்த்தினேன், பரணில் ஏறினேன், டார்ச் அடித்து அடுப்படிக்குப் பின்னால் பார்த்தேன். கிடைக்கவில்லை. மணிக்குக் காய்ச்சல் வேறு. போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நாளைக்குக் கட்டிலை நகர்த்திப் பார்க்க வேண்டும். நாற்றம் அங்கேதான் அதிகம்.

மே 3, சனி

எலி இல்லை.

மே 5, திங்கள்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. மணியின் வலது உள்ளங்கால் முழுக்க வெந்து, வெடித்து, புழுத்துப்போய்விட்டது. இடது காலில் லேசான காயம், அது ஆறிவிடும் என்கிறார்கள். வலது காலில் எலும்பு வரைக்கும் போய்விட்டது.

காலையில் டாக்டரம்மா ஒரு நைலான் நரம்பை எடுத்துக்கொண்டு வந்தார். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லியது. அதை மணியின் இடது பாதத்தில் அங்கங்கே வைத்து, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். மணி தெரிகிறது என்றாள். டாக்டர் நரம்பை எடுத்துவிட்டு, எதையுமே வைக்காமல், "இப்ப?" என்றார்.

"தெரியுதுங்க" என்றாள் மணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மணியிடம் குனிந்து, "எத்தனை நாளா இப்படி மரத்துக் கிடக்குது? நெசத்தைச் சொல்லுங்க" என்றார்.

நான் இருமினேன். மணி அந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனித்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு வருசம் இருக்குமுங்க."

மே 6, செவ்வாய்

நேற்று முழுவதும் நான் அவளுடன் பேசவில்லை. கோபமா, பயமா தெரியவில்லை. இன்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அங்க இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

"மெட்டிச் சத்தமுங்க. ஒவ்வொரு கல்லுலயும் ஒவ்வொரு மாதிரி கேக்கும். கிரானைட்டுல ணங்குனு. கோட்டாவுல டிக்குனு. கடப்பாவுல கொஞ்சம் மொணங்கும். அதக் கேட்டுத்தான் சொன்னேன்."

நீங்கள் முதலில் நடந்து காட்டுங்கள் என்றது ஞாபகம் வந்தது. மிக்ஸி ஞாபகம் வந்தது. ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. எத்தனை சிக்னல்! ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். என்னிடம் படித்த பையன் இப்படி ஓட்டியிருந்தால் காரை விட்டு இறக்கியிருப்பேன்.

"ஏன் மணி எங்கிட்டச் சொல்லல?"

"கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னதுல இருந்து நீங்க சாப்பிடல. மூஞ்சி எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா தட்டுல கை ஓடற சத்தம் கேக்கல. அப்புறம் ஒரு நாளு வந்து, காலுதான் கண்ணுன்னீங்க. அன்னிக்கு இட்லி கேட்டு வாங்கித் தின்னீங்க. அந்தக் காலும் செத்துப்போச்சுன்னு நான் எந்த வாயில சொல்றதுங்க?"

"கல்லு சுட்டுதே மணி. சில்லுனு இருக்குதுன்னியே."

"பெட்ரூமுக் கல்லு சில்லுனு இருக்கும், வெறுங்காலுல நடந்தா சொகமா இருக்கும்னு நீங்கதான தெனமும் சொல்லிட்டிருந்தீங்க. அதத்தான் சொன்னேன்."

வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஆட்கள் போனார்கள், வந்தார்கள். யார் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

வலது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நர்ஸ் இரண்டு மெட்டிகளையும் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். இடது காலிலும் இனி மெட்டி போடக் கூடாதாம். உரசிப் புண் வந்தால் தெரியாது என்கிறார்கள்.

மே 9, வெள்ளி

அந்தக் கறையை என் கையால் துடைத்தேனே. இரண்டு தடவை.

மே 22, வியாழன்

வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். சுகன்யா லீவு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, மணியின் இடது பாதத்தைத் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் விரித்து, டார்ச் அடித்துப் பார்ப்பது. உப்புக்கல் அளவு புண் இருந்தாலும் விடக் கூடாது. இந்த வேலையை மூன்று வருடத்துக்கு முன்னால் தொடங்கியிருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

லதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்கய்யா, அக்காவப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சுகன்யா இன்று வெடித்தாள். "எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணுவீங்க, அம்மா ஆமாங்கன்னு சொல்லோணும். எதுத்துச் சொன்னா உங்க மனசு தாங்காதுன்னு அவங்க உங்களப் பாத்துக்கிட்டாங்கப்பா. அவங்களப் பாத்துக்க ஆளில்லாமப் போச்சு." உள்ளே படுத்திருந்த மணி, "அப்பனப் பேசாத கண்ணு" என்று குரல் கொடுத்தாள். அது இன்னும் வலித்தது.

ஜூன் 18, புதன்

மாதேஸ் மேஸ்திரி வந்து எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். கல் வேண்டாம், சாதா டைல்ஸ் போட்டுவிடலாம், எல்லா அறைக்கும் ஒரே டைல்ஸ், இருக்கிற கல்லைப் பன்வர்லால் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அந்தக் கறுப்புக் கல்லைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. சாக்பீஸில் எழுதிய அவள் பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. சம்மட்டியால் அடித்துத் தூள் தூளாக்கலாம் போல இருக்கிறது.

மணி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, அந்தக் கல்லையே போடுங்க" என்றாள்.

"மணி, அந்தக் கல்லுதான்..."

"கல்லு என்னங்க பண்ணுச்சு? வெயில்ல கெடந்துச்சு, சுட்டுது. ஊட்டுக்குள்ள கெடந்தா ஏன் சுடப் போகுது? உங்க யோசனைய நான் கெடுத்துட்டேன்னு ஆயிரக் கூடாது. நாலு கல்லும் நாலு ரூமுல இருக்கோணும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் 'வேணும்' என்று இவ்வளவு அழுத்திச் சொன்னது இதுதான் முதல் தடவை. நான் மேஸ்திரியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நிலைப்படிகளை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி ஓட வசதியாகத் தரையைச் சமமாகப் பதிக்கச் சொன்னேன். பிறகு ஞாபகம் வந்து, "அப்படிச் செய்யலாமா மணி?" என்று கேட்டேன். "செய்யுங்க" என்றாள்.

ஜூலை 10, வியாழன்

ஹாலும் சமையலறையும் பதித்தாகிவிட்டது. நல்ல வேலை. எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 23, புதன்

காலையில் காப்பியோடு போய் அவள் முன்னால் நின்றேன். ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம். மணி நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "யாருங்க?" என்றாள்.

நான்தான் என்றேன். "வெயில் இன்னும் வரலீங்களா?" என்றாள்.

இன்னும் வரவில்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாளை விடிகாலையில் பால் காய்ச்சுகிறோம். சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வருகிறார்கள். சுகன்யா வந்து வாழைமரம், தோரணம் எல்லாம் கட்டிவிட்டாள்.

மத்தியானம் மணி கேட்டாள். "மெட்டி ரெண்டும் எங்க வெச்சிருக்கீங்க?"

சாமி அலமாரியில் இருக்கிறது என்றேன். எடுத்து வரச் சொன்னாள். பஞ்சைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தாள். என்னைக் கட்டில் மேல் உட்காரச் சொல்லி, காலைத் தன் மடியில் வைக்கச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவள் என் வலது காலைத் தடவி, இரண்டாவது விரலைக் கண்டுபிடித்து, மெட்டியை விரித்து மாட்டினாள்.

"என்ன மணி இது?"

"இத்தன நாளும் நான் எங்க இருக்கறேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. இனி நீங்க எங்க இருக்கறீங்கன்னு எனக்குத் தெரியோணும். எந்த ரூமுல, எந்தப் பக்கம்னு. வெறுங்காலுல நீங்க பூனையாட்டம் நடக்கறீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

மூன்று வருடமாகக் கால் மரத்ததைச் சொல்லாதவள், கண் போனதற்கு ஒரு சொட்டு அழாதவள், பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னது இன்றுதான்.

"நாளைக்கு ஊரே வரும் மணி" என்றேன். மீசை வைத்த ஆள் என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது.

"வேண்டாம்னா கழட்டிருங்க" என்றாள், உடனே, பழையபடி.

இடது காலையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்னும் விடியவில்லை. வாசலில் கோலம், குத்துவிளக்கு, பால் சொம்போடு என் அக்கா. சுகன்யா மணியின் நாற்காலியைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். மணிக்கு அரக்குச் சேலை. நான் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருந்தேன். வந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பன்வர்லால் மட்டும் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைப் பார்த்த நாளிலிருந்து அவன் மணிக்கு எதிரில் நிற்பதில்லை.

நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அக்கா பழக்கத்தில், "வலது கால எடுத்து வெச்சு உள்ள வா சாமி" என்று மணியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

மணி கையை நீட்டி என் வேட்டியைத் தொட்டாள். "நீங்க வைங்க" என்றாள்.

வலது காலை எடுத்து வைத்தேன்.

டிக்.

"கோட்டா" என்றாள் மணி. வாசலில் உட்கார்ந்தபடியே. "ஹாலு. இன்னும் உள்ள போங்க."

போனேன். வேண்டுமென்றே விரலைத் தட்டித் தட்டி நடந்தேன். சமையலறையில் மெட்டி முனகியது. "கடப்பா" என்று குரல் வந்தது. குளியலறையில் சரக்கென்று உரசியது. "தீ காட்டுனது." வெளியே அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பால் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

படுக்கையறைக்குள் போனேன். கறுப்புக் கல். நாலு மாதமாக இதன் மேல் நான் கால் வைத்ததில்லை. பதிக்கும்போதும் வாசலோடு நின்றுவிடுவேன். இப்போது வைத்தேன். ணங் என்றது.

வாசலிலிருந்து பதில் வரவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் ஒரு அடி வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க" என்று மணி கூப்பிட்டாள். "அது பெட்ரூமுதானுங்க?"

"ஆமா மணி."

"சில்லுனு இருக்குதுங்களா?"

விடிகாலைக் கல். குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஏறியது.

"இருக்குது மணி" என்றேன். "சில்லுனு இருக்குது."